என்.எஃப்.எல். அணியின் இறுதி 53 பேரை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அணிகள், பயிற்சி முகாமில் வைத்திருக்கும் சுமார் 90 வீரர்களை ஆகஸ்ட் இறுதியில் 53 ஆகக் குறைக்கின்றன. பெரும்பாலான இடங்களை ஒப்பந்தங்களே சொல்லிவிடும். பெரிய உத்தரவாதத் தொகை பெற்றவரையும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றுகளில் எடுக்கப்பட்டவரையும் அணி எளிதில் கைவிடாது. கணிப்பின் கடினம் கடைசிச் சில இடங்களில்தான். ஐந்தாவது ரிசீவர் (வீசப்படும் பந்தைப் பிடிப்பவர்) பந்தைப் பிடிக்கும் அழகைவிட, பந்தை எதிரணிக்கு உதைத்தனுப்பும் கிக்காஃப், பன்ட் ஆட்டங்களில் அவர் எப்படிப் பயன்படுகிறார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஆட்டநாளில் அதிகபட்சம் 48 பேருக்கே இடம் என்பதால், மாற்று வீரர் இந்த உதை ஆட்டங்களிலும் உழைத்தாக வேண்டும். வேவர் விதியும் முக்கியம்: நான்கு பருவ அனுபவம் நிறையாத இளைஞரை விடுவித்தால் பிற அணிகள் உடனே கோரலாம் என்பதால், சற்றே மேலான மூத்தவரை விடுவித்துவிட்டு இளைஞரைத் தக்கவைப்பதும் உண்டு.