நமக்கு இதில் என்ன?

அன்புள்ள ஐயா,

சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் எண்ணெய் விஷயத்தில் கைகோத்து நிற்கின்றன. 2020இல் அடித்துக்கொண்டவர்கள் ஆயிற்றே, இந்த நட்பு நீடிக்குமா? அது சரி, ஒரு சொட்டு எண்ணெய்கூட எடுக்காத சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு இதில் என்ன?

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள க.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் சிப்யார்டுகள் இருக்கிற துவாஸ் பக்கம் போய்வந்ததிலிருந்து மனம் அதிலேயே கிடந்தது.

முதலில் அந்த நட்பு. அதை நட்பு என்றே சொல்லாதீர்கள். 1938 முதல் 1990 வரை இருவருக்கும் தூதரக உறவே கிடையாது. விலை விழுந்தால் இரண்டு கஜானாவும் காலி. அந்தப் பயம் இருக்கும்வரை சேர்ந்திருப்பார்கள். 2020 மார்ச்சில் வியன்னாவில் முறைத்துக்கொண்டு பிரிந்தவர்கள், ஏப்ரலில் கூட்டாளி நாடுகளோடு சேர்ந்து உற்பத்தியை நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்க ஒப்புக்கொண்டார்களே, அதே பயத்தில்தான்.

ஆனால் 'நமக்கு இதில் என்ன' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? புக்கோம் தீவில் 1961இலிருந்து எண்ணெய் சுத்திகரிக்கும் ஊர் இது. அதைக்கூட விடுங்கள்.

2014 நடுவில் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல். அந்த நவம்பரில் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று, சவூதியும் இருக்கிற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் முடிவெடுத்தது. ரஷ்யாவும் குறைக்க முன்வரவில்லை. 2016 ஜனவரியில் விலை முப்பது டாலருக்கும் கீழே. கடலில் துளைபோடும் ரிக் அப்போது யாருக்கு வேண்டும்? உலகத்துக்கே ரிக் கட்டிக்கொடுத்த நம் சிப்யார்டுகளில் புது ஆர்டர் நின்றது. கட்டி முடித்ததையே எடுத்துப்போக ஆள் வரவில்லை.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் ஒரு தம்பி இருந்தான். மன்னார்குடிப் பக்கத்துப் பையன், வெல்டர். அம்மா நகையையும் அக்கா நகையையும் அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்தவன். முதலில் ஓவர்டைம் நின்றது. அவன் கையில் வாங்கியதில் பாதி அதுதான். அப்புறம் ஒரு புதன்கிழமை வேலை பெர்மிட்டை ரத்து செய்து, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். வந்து பதினோரு மாதம்தான்.

வியாழன் இரவு வந்தான். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: "நான் என்ன தப்புண்ணே பண்ணேன்? எக்ஸ்ரேல என் வெல்டு ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்ல."

அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அது 2016 ஏப்ரல். அதே மாதம் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேச எண்ணெய் அமைச்சர்கள் தோஹாவில் கூடினார்கள். ஈரானும் சேராவிட்டால் முடியாது என்றது சவூதி. வெறுங்கையோடு கலைந்தார்கள். ஒபெக்கும் ரஷ்யாவும் மற்றவர்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 18 லட்சம் பீப்பாய் குறைக்க முடிவானது டிசம்பர் 10ஆம் தேதி, வியன்னாவில். செய்தியைப் படித்ததும் அவனுக்குப் போன் போட்டேன். ஒரு கிரில் பட்டறையில் ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தான். அக்கா நகை ஏலத்துக்குப் போய்விட்டது என்றான்.

கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஞாயிறு தேக்கா பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.