துலோன்: ஒருமுறை தாங்கியது, ஒருமுறை வீழ்ந்தது

கேள்வி: பிரான்சின் கடற்படைத் துறைமுகமான துலோனை 1793இல் மீட்டவர் நெப்போலியன் என்கிறார்கள். 24 வயது பீரங்கிப்படை கேப்டனால் அது எப்படி முடிந்தது?

பதில்: ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வரைந்த பிறகுதான் எனக்கே இது விளங்கியது. வடக்கே ஃபாரோன் மலை. அதன் அடியில் ஊரும் கப்பல் கட்டும் தளமும். எதிரே, கப்பல்கள் நங்கூரம் போடும் உள்விரிகுடா. அங்கிருந்து வெளியே போக ஒரு குறுகிய வாய்தான் உண்டு. அந்த வாயின் மேற்குக் கரையில் எகியெத், பலாகியே என்று இரண்டு முனைகள். அங்கே பீரங்கியை ஏற்றி, பழுக்கக் காய்ச்சிய குண்டுகளைச் சுட்டால், மரக்கப்பல் எதுவும் உள்ளே நிற்க முடியாது.

பிரெஞ்சுப் புரட்சி அரசின் படை அருகிலுள்ள மார்செய் நகரைப் பிடித்ததும், புரட்சியின் தீவிரக் குழுவான ஜாக்கோபின்களை விரட்டியிருந்த துலோன்காரர்கள் அஞ்சிப்போய், 1793 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹூட்டிடம் ஊரை ஒப்படைத்தார்கள். பிரிட்டிஷ், ஸ்பானிய, நேப்பிள்ஸ், பியட்மாண்ட் வீரர்கள் இறங்கினார்கள். சோறும் மருந்தும் ஆட்களும் கடல் வழியே வந்துகொண்டே இருந்தன. மதிலை எத்தனை நாள் இடித்தும் பயனில்லை. கப்பல்கள் போய்விட்டால் ஊர் தானாக விழும். நெப்போலியன் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்.

செப்டம்பரிலேயே அவர் இதைச் சொன்னார். ஊரை முற்றுகையிட்ட புரட்சிப் படையின் தளபதி கார்த்தோ முன்பு ஓவியராக இருந்தவர். அவருக்கு இது பிடிபடவில்லை. சிறு படை ஒன்றை மட்டும் அனுப்பினார், அது தோற்றது. அதற்குள் பிரிட்டிஷார் விழித்துக்கொண்டு, முனைகளுக்கு மேலுள்ள குன்றில் மல்கிரேவ் கோட்டையைக் கட்டிவிட்டார்கள். அந்த ஒரு தயக்கத்தின் விலை மூன்று மாதம், எத்தனையோ உயிர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. கார்த்தோவுக்குப் பின் வந்த தொப்பே ஒரு மருத்துவர். அவருக்கும் பின் வந்த துகோமியேதான் திட்டத்தை முழுதாக ஏற்றார். டிசம்பர் 16 இரவு, கொட்டும் மழையில் தாக்குதல். நெப்போலியனின் தொடையில் குத்துக்காயம். 17 காலையில் கோட்டை விழுந்தது. அப்புறம் முனைகளில் இருந்தவர்களும் விலகினார்கள். கப்பல்களைக் கிளப்ப ஹூட் முடிவு செய்தார்.

கேள்வி: 1707இல் இதே ஊர் தப்பியது எப்படி?

பதில்: அப்போது நிலைமை தலைகீழ். ஸ்பெயின் அரியணைக்காக நடந்த ஸ்பானிய வாரிசுரிமைப் போரில், பிரான்சை எதிர்த்த சவாய் கோமகன் விக்டர் அமாதேயுஸும் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினும் தரைவழி வந்தார்கள். அட்மிரல் ஷவலின் ஆங்கில, டச்சுக் கப்பல்கள் கடலில் நின்றன. ஆனால் அவர்களால் கிழக்குப் பக்கத்தைத்தான் நெருக்க முடிந்தது. பிரெஞ்சு மார்ஷல் தெசே முந்திக்கொண்டு படைகளை உள்ளே சேர்த்தார். எதிரி பிடித்த சாந்த் கத்தரீன் மேட்டையும் ஆகஸ்ட் 15 அன்று மீட்டார். ஒரு வாரத்தில் முற்றுகை கலைந்தது. ஆனாலும் கப்பல்கள் எரிந்துவிடக்கூடாதே என்று பிரெஞ்சுக்காரர்கள் தம் போர்க்கப்பல்களைத் தாங்களே துறைமுகத்தில் மூழ்கடித்திருந்தார்கள். ஊர் பிழைத்தது, கடற்படை நொடிந்தது.

கேள்வி: 1793க்குப் பிறகு ஊர்மக்கள் என்ன ஆனார்கள்?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. போர்க்கதைகளில் இந்தப் பக்கத்தைத்தான் சட்டென்று தாண்டிவிடுகிறோம். டிசம்பர் 18 இரவு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படகுகளுக்காகக் கரையில் முண்டியடித்தன. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சிட்னி ஸ்மித்தின் ஆட்கள் துறைமுகத்துக்குத் தீ வைத்தார்கள். மூழ்கடிக்க வேண்டிய வெடிமருந்துக் கப்பல்கள் இரண்டை ஸ்பானியர் கொளுத்த, அவை வெடித்து அருகில் இருந்தவர்களையும் கொன்றன. கப்பலேற முடியாமல் ஊரில் தங்கிவிட்டவர்களில் நூற்றுக்கணக்கானோரைப் புரட்சிப் படை சுட்டுக் கொன்றது. துலோன் என்ற பெயரே பறிக்கப்பட்டு, சில காலம் ‘போர் லா மொந்தாஞ்’ (Port-la-Montagne) என்றானது.

கப்பல்கள் எல்லாமே எரிந்துபோகவில்லை. தப்பியவற்றில் ஒன்று தொஃபேன் ரொயால். பெயர் மாறி மாறி கடைசியில் ஓரியான் (Orient) ஆனது. 1798 மே மாதம் அதே துலோனிலிருந்து நெப்போலியனை எகிப்துக்குக் கொண்டுபோனது அதுதான். அந்த ஆகஸ்டில் நைல் போரில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் கப்பல்கள் தாக்க, அது தீப்பற்றி வெடித்துச் சிதறியது.