இடது பக்கம் இழுக்கும் பழைய லாரி

கேள்வி: என்னிடம் 2008-ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர லாரி இருக்கிறது, ஏர் பிரேக் வண்டி. சில மாதங்களாக ஓட்டத்தில் இடது பக்கம் இழுக்கிறது, பிரேக் மிதித்தால் இழுவை இன்னும் கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கி, 65-க்கு மேல் தணிந்துவிடுகிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. முன்னால் புது டயர் போடுவதா, ஸ்டியரிங் பாக்ஸைப் பிரிப்பதா? – வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இழுவை, பிரேக் பிடிக்கும்போது கூடும் இழுவை, உதறல் என்று மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இவை ஒரே காரணத்தால் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒற்றை இரும்பு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட இத்தகைய வண்டிகளில் அலைன்மென்ட் என்ற பெயரில் பெரும்பாலும் சரிசெய்யப்படுவது டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே. அது தவறாக இருந்தால் டயர் தேயுமே தவிர, வண்டி ஒரே பக்கமாக இழுப்பதற்கு அது காரணமாவது அரிது.

மழைநீர் வடிவதற்காகச் சாலையை இடது ஓரத்தை நோக்கிச் சரித்திருப்பார்கள் என்பதால், கையை விட்டால் மெல்ல இடப்புறம் சாய்வது எந்த வண்டிக்கும் இயல்பு. ஆகவே சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே இழுவை இருக்கிறதென்று முடிவு செய்யுங்கள். பிறகு, டயர் சூடேறும் முன் இரு முன் டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சமமாக்கி, அவற்றை இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுவை வலப்பக்கம் திரும்பினால் குறை டயரில்தான். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று ஒரே ஆக்சிலில் கலந்து போட்டிருந்தால், வேறு சோதனையே தேவையில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

டயர்களை இடம் வலம் மாற்றியும் இழுவை இடது பக்கமே இருந்தால் பிரேக்குக்கு வாருங்கள். இடது பக்கம் இழுக்கும் வண்டியில் எல்லோரும் இடது டிரம்மைத்தான் கழற்றுகிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டி எப்போதும் நன்றாகப் பிடிக்கும் பக்கமே திரும்பும். அப்படியானால் வலது பக்கம் பிடிக்காமல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வலது ஹப் சீல் கசிந்து, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனரில் கிரீஸ் ஏறியிருக்கலாம், லைனரின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கலாம், லைனர்களை விரிக்கும் கேம் ஷாஃப்டின் புஷ் இறுகியிருக்கலாம், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பிரேக் சேம்பரின் டயாஃப்ரம் கிழிந்து காற்று ஒழுகலாம். பிரேக்கைத் தொடாதபோதும் உங்கள் வண்டி இழுக்கிறது என்பதால், இடது பக்க லைனர் விடாமல் உரசுகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். அதிகம் பிரேக் பிடிக்காமல் சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தி, இரு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் அனலை ஒப்பிடுங்கள். கொதித்திருக்கக்கூடும் என்பதால் தொட வேண்டாம். லைனர் மாற்ற நேர்ந்தால் இரு பக்கமும் ஒரே வகையை ஒன்றாக மாற்றுங்கள்.

அடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து, உள்ளும் வெளியும் தள்ளி ஆட்டினால் ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் வீல் பேரிங்கில் இருக்கிறதா, சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னிலா என்ற குழப்பத்தில்தான் பலர் தேவையற்ற சாமான்களை வாங்கிவிடுகிறார்கள். டேங்கில் காற்று நிறைந்திருக்கும்போது ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். டிரம்மும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால், பேரிங்கின் ஆட்டம் அப்போது மறைந்துவிடும். மறையாவிட்டால் தேய்ந்திருப்பது கிங்பின்னும் அதன் புஷ்ஷும். வண்டியை இறக்கிய பின், கேபினில் ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்ப, நீங்கள் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிராக் லிங்கின் முனைகளிலும், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டுகளிலும் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது.

உதறலைப் பற்றிச் சொல்வதானால், குறிப்பிட்ட வேகத்தில் வந்து அதைத் தாண்டியதும் தணிவது பெரும்பாலும் சக்கரத்தின் சமநிலைக் குறைவே. உங்கள் வண்டியின் டயர் 10.00-20 அளவாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.3 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்து சுற்று. கையில் உணரும் உதறலும் அதே தாளத்தில் இருந்தால் சக்கரத்தையே சந்தேகியுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு, அசையாமல் பிடித்த சாக்குக்கட்டியை டயரின் பக்கவாட்டில் மெல்லக் கொண்டுசெல்லுங்கள். கோடு சுற்றிலும் விழாமல் ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் சக்கரத்தின் டிஸ்க் (ரிம்மை ஹப்போடு இணைக்கும் தட்டு) வளைந்திருக்கிறது, அல்லது ஹப்பில் துருவோ மண்ணோ இருந்து டிஸ்க் சரியாக உட்காரவில்லை. ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறும் உதறலைத் தரும். டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் லாக் ரிங் என்ற வளையம் உள்ள சக்கரமென்றால், கழற்றும் முன் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். அந்த வளையம் தெறித்து உயிர் போயிருக்கிறது. இதற்கு மாறாக, பள்ளத்தில் இறங்கியதும் தொடங்கி வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காத உதறல் என்றால், அது கிங்பின், டை ராடு எண்டு, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தது ஆகியவற்றின் வேலை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுவை நீடித்தால், ஒரு நீள டேப்பை எடுத்து முன் ஹப் மையத்துக்கும் பின் ஹப் மையத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருந்தால் இந்த அளவே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டியரிங் பாக்ஸைக் கடைசியாகப் பாருங்கள். ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று அதன் ஸ்க்ரூவைச் சில பட்டறைகளில் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவார்கள். அதன் பிறகு வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

கேள்வி: என் லாரியில் ஸ்டியரிங் உதறவில்லை, சீட்டும் தளமும்தான் அதிர்கின்றன. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மூட்டிலுள்ள கிராஸை மாற்றிய பிறகே இது தொடங்கியது. – வாசகர், திண்டுக்கல்

பதில்: கழற்றிய ஷாஃப்டை மறுபடி கோத்தபோது பல் மாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். நழுவும் பகுதியிலும் ஷாஃப்டிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நின்றால்தான் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே தளத்தில் அமையும். பின் ஆக்சிலிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தின் விகிதத்துக்கு ஏற்பச் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலும் பாகம் என்பதால், இங்கு ஒரு சிறு பிசகும் தளத்தில் ரீங்காரமாகத் தெரியும். குறிகள் அழிந்துபோயிருந்தால் யோக்குகளைப் பார்த்தே நேராக்கலாம். கையோடு ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.