‘நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே’ என்று பள்ளி சொன்னால்?

கேள்வி: வணக்கம் சார். என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் 12 வயது முடிந்தது. கணக்கு ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்று போன வாரம் வகுப்பு ஆசிரியை மர ஸ்கேலால் கெண்டைக்காலில் அடித்திருக்கிறார். தழும்பு தடித்துப்போய் இருந்தது. மறுநாள் ஒரு பீரியட் முழுக்க வெளியே முட்டி போட வைத்திருக்கிறார். வளரறி மதிப்பீட்டிலும் மார்க்கைக் குறைத்துவிட்டார். கேட்கப் போனால் தாளாளர், "அட்மிஷன் போடும்போது கண்டிப்புக்குச் சம்மதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே? பிடிக்கவில்லை என்றால் டிசி வாங்கிக்கொண்டு போங்கள்" என்கிறார். அந்தக் கையெழுத்து எங்களைக் கட்டுமா? என் வீட்டுக்காரர் கேஸ் போடலாம் என்கிறார்.
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: கட்டாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் தடுத்த ஒன்றுக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி அது செல்லாத காகிதம். பள்ளியின் வக்கீல் விவரமானவராக இருந்தால் வேறொரு பிரிவைத் தூக்கிக்கொண்டு வரலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்தது குற்றமாகாது என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 27ஆவது பிரிவு. உங்கள் பையனுக்குத்தான் 12 முடிந்துவிட்டதே!

டிசி மிரட்டலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களாகக் கேட்காமல் அவர்கள் டிசியைக் கையில் திணிக்க முடியாது. கோபத்தில் "சரி, கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களே கேட்டு வாங்கியதாகிவிடும்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா? 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. அப்படி இருந்தாலும் அடித்தது நியாயமாகிவிடாது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதற்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவும், காயம் ஏற்படுத்துவதற்கான பி.என்.எஸ். 115ஆவது பிரிவும் எல்லாப் பள்ளிக்கும் பொதுவானவை. இதில் 75ஆவது பிரிவு கடுமையானது. பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்புள்ள நிறுவனத்தின் ஊழியர் செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். அதே நேரம், தீய நோக்கமின்றி லேசாக அடித்தது குற்றமாகாது என்று சில உயர் நீதிமன்றங்கள் ஆசிரியர்களை விடுவித்ததும் உண்டு. அதனால் உங்கள் வீட்டுக்காரர் நினைப்பதுபோல, கேஸ் போட்டவுடன் முடிந்துவிடும் காரியமில்லை இது.

மார்க் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. வளரறி 40, தொகுத்தறி 60 என்ற முறையில் அந்த 40ஐப் போடுவது ஆசிரியர்தான். அதில் எந்த நீதிபதியும் புகுந்து இரண்டு மார்க் கூட்டித் தரமாட்டார். எதற்கு எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அவ்வளவுதான். ஹோம்வொர்க்கும் சட்டவிரோதமல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் கூடாது என்றது ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு. 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை. அது வழிகாட்டுதல்தான், மீறினால் தண்டனை கிடையாது. அடி, மார்க், ஹோம்வொர்க் மூன்றையும் ஒரே புகாரில் போட்டால், ‘மார்க் குறைந்த கோபத்தில் பெற்றோர் அடித்ததாகப் புகார் சொல்கிறார்கள்’ என்று பள்ளி திருப்பிவிடும். நான் பார்த்த இப்படிப்பட்ட புகார்களில் பாதி அங்கேதான் படுத்துவிடுகின்றன. ஆகவே அடித்தது, முட்டி போட வைத்தது, டிசி மிரட்டல் - இவை மட்டும் ஒரு கடிதம். மார்க்குக்குத் தனிக் கடிதம், அதுவும் பிறகு.

தழும்பு இன்னும் தெரிந்தால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘பள்ளியில் ஆசிரியர் அடித்தது’ என்று சொன்னால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். போட்டோவைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அப்புறம் முதல்வருக்கும் தாளாளருக்கும் தேதி, பீரியட், நடந்தது எல்லாம் போட்டு, டெலிவரி சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. தனியார் பள்ளிகளுக்கென்றே தனி அலுவலர் இருக்கிறார். பள்ளிகளில் அடியை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களைச் செயல்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தமிழக அரசுக்கு உத்தரவிட்டதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். பதில் வராவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் போகலாம். நுகர்வோர் கோர்ட் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டாம். கல்வி, ‘சேவை’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொன்னதால் ஆரம்பத்திலேயே முட்டிக்கொள்ளும்.

போலீஸ் ஸ்டேஷனை நான் முதல் படியாகச் சொல்லவில்லை. புகார் போனதும் அந்த ஆசிரியையை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, ‘நாங்கள் நடவடிக்கை எடுத்துவிட்டோம்’ என்று நிர்வாகம் கைகழுவிக்கொள்ளும். அந்தச் சம்மதப் பத்திரத்தை அச்சடித்தது ஆசிரியை அல்ல, நிர்வாகம். கடிதம் அவர்களைத்தான் குறிவைக்க வேண்டும். ஆனால் எலும்பு, கண், காது என்று காயம் பெரிதாக இருந்தாலோ, புகாருக்குப் பிறகும் பையனைக் கட்டம் கட்டினாலோ தாமதிக்காமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

இதெல்லாம் முடிகிறவரை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஆசிரியை பெயரையும் பையன் காலின் போட்டோவையும் போடாதீர்கள். மானநஷ்ட நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.