முன்னோரின் தியாகத்தை இன்று எப்படிக் கனப்படுத்துவது?

கல்லறைத் திருநாளில் மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது நல்ல வழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து நம் கிறிஸ்தவ முன்னோர் எதை இழந்தார்கள் என்று பார்த்தால் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலூரை எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் துன்பப்பட்டவர்களுக்காக, 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உருவாக்கிய குடியிருப்பு அது. அந்த மக்கள் விட்டுவந்தது வீட்டை மட்டுமல்ல, சொந்தபந்தத்தையும்தான். அப்புறம் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், இப்படி அடைக்கலம் தேடியவர்களுக்கு நிலம் வாங்கவே தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. இருந்தவர் இல்லாதவருக்குக் கொடுத்தார்கள்.

அப்படியானால் இன்று நம் தெருவில் ஒதுக்கப்பட்டு நிற்பவர் யார்? அவருக்கு நம் வீட்டுத் திண்ணையில் இடம் உண்டா? சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெண் கொடுப்பதும் ஓட்டுப் போடுவதும் அந்த முன்னோருக்குச் செய்யும் அவமதிப்பு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் பழக்கம் நம் பக்கத்துப் பெண்களுக்கு உண்டு. பெயர் தெரியாத அந்தக் கைகள்தான் நம் சபைகளைத் தாங்கின. எங்கள் ஆச்சி கஞ்சி மட்டும் காய்ச்சிய நாளிலும் அந்தப் பிடியைக் குறைத்ததில்லை.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் தன் கல்லறைக்குக் கல்லே வேண்டாம் என்றார். அங்கே இருப்பது பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்.