பதில்: காகம், மைனா தவிர எதுவும் தெரியாது, பறவைக் கணக்கெடுப்பில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். காவேரிப்பட்டினத்தில் இருக்கிறீர்கள், ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டும்தான் ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள். கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) பக்கத்திலேயே இருக்கிறதே, காட்டுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை.

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிய உதவும் ஈபேர்ட் (eBird) செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, அடையாளம் தெரிந்த பறவைகள் அத்தனையையும் எண்ணிக்கையோடு பதியுங்கள். காகத்தை 'அதுதானே' என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணப் பறவை குறைவதும் கூடுவதும் இப்படித்தான் தெரியவரும். தெரியாததை ஊகித்து மட்டும் எழுத வேண்டாம். வாத்து என்பது வரைதான் புரிகிறதா? 'ஏதோ ஒரு வாத்து' என்று பதியவும் அதில் வழி உண்டு. பட்டியலைப் பிறகு திருத்தவும் செய்யலாம்.

முதலில் கொக்குகளைப் பிரித்துப் பழகுங்கள். கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. மாட்டின் பின்னாலேயே திரியும் மஞ்சள் அலகுக்காரர் உண்ணிக்கொக்கு. நீர்க்காகம், மடையான், நாமக்கோழி போன்ற நீர்ப்பறவைகளை அடையாளம் காண்பதெல்லாம் பழகப் பழகத் தானாக வந்துவிடும். பைனாகுலர் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், வீட்டு மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். வனத்துறையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்களா என்று டிசம்பரிலேயே கிருஷ்ணகிரி மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் தனியாகப் போகும் யோசனை மட்டும் வேண்டாம்: யானை நடமாட்டம் உண்டு, காப்புக்காட்டுக்குள் நுழைய அனுமதியும் வேண்டும். அப்புறம், கூடு கண்டால் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.