பெயர், முகவரியை நீக்கிய கணக்கெடுப்புக் கோப்பைச் செயற்கைத் தரவாக மாற்றினால் வெளியிடப் போதுமா?

செயற்கைத் தரவு என்பது மூலக் கோப்பைக் கற்ற ஒரு புள்ளியியல் மாடல் உருவாக்கும் கற்பனைப் பதிவுகள். அப்படி மாற்றுவது நல்ல வழிதான். ஆனால் "செயற்கை" என்ற முத்திரையே பாதுகாப்பு ஆகிவிடாது. மாடல் எதை மனப்பாடம் செய்ததோ அதையே திருப்பித் தரும்.

பெயரை எடுத்த பிறகும் வயது, தொழில், மாவட்டம், பிள்ளைகளின் எண்ணிக்கை நான்கும் சேர்ந்தாலே ஒருவர் அடையாளம் தெரிந்துவிடலாம். இதற்குத் தீர்வாகப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1993இல் எல்லாப் பதிவுகளையும் மாடலிலிருந்து புதிதாக உருவாக்கும் முழுச் செயற்கை முறையை முன்வைத்தார். அதே ஆண்டு இன்னொரு புள்ளியியலாளர் ராடரிக் லிட்டில் சொன்னது பகுதிச் செயற்கை முறை: வருமானம், நோய் போன்ற அந்தரங்க மாறிகளை, அல்லது ஆளைக் காட்டிக்கொடுக்கும் மாறிகளை மட்டும் மாற்றுவது. இதில் உண்மையான ஆட்களின் வரிசைகள் கோப்பிலேயே இருக்கும், அதனால் ஆபத்தும் கூடுதல்.

ஆர் (R) எனும் புள்ளியியல் நிரல் மொழியின் சின்த்பாப் (synthpop) தொகுப்பு மாறிகளை ஒவ்வொன்றாக உருவாக்குகிறது. முதல் மாறியை அதன் பரவலிலிருந்தே எடுக்கும். இரண்டாவதை முதலாவதை வைத்து, மூன்றாவதை முந்தைய இரண்டையும் வைத்துக் கணிக்கும். அதனால் மாறிகளின் வரிசை முக்கியம். நூற்றுக்கணக்கான வகைகள் கொண்ட தொழில் குறியீட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முன்னால் வைத்தால் ஓட்டம் மிக மெதுவாகி, முடியாமலே போகலாம். மொத்தச் செலவு போன்ற கூட்டுத்தொகையை உருவாக்க விடாமல், உறுப்புகள் வந்தபின் கூட்டிக்கொள்ளுங்கள். "15 வயதுக்குக் கீழ் என்றால் திருமணமாகாதவர்" போன்ற விதிகளை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது கார்ட் (CART) எனும் முடிவு மரத்தில். இது பதிவுகளைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து, ஒத்தவற்றைச் சிறு குழுக்களாக்கும்; கடைசிக் குழுதான் இலை. சின்த்பாப்பின் இயல்பு முறை அதுதான். மரத்தின் இலையில் விழுந்த உண்மை மதிப்புகளிலிருந்தே புது மதிப்பை எடுக்கிறது. கோப்பில் ஒரே ஒருவருக்கு மிகப் பெரிய வருமானம் இருந்தால், அந்த எண் கடைசி இலக்கம் வரை அப்படியே வெளியே போகக்கூடும். ஆகவே உருவாக்கும் முன்பே உச்ச மதிப்புகளுக்கு வரம்பு வையுங்கள். இலையின் குறைந்தபட்ச அளவு இயல்பாக 5. அதை 10, 20 என உயர்த்திப் பாருங்கள். வருமானம் போன்ற தொடர் எண்களுக்கு, உண்மை மதிப்பைச் சற்றே நகர்த்தும் மென்மையாக்கலைப் போடுங்கள். பிறகு, மூலத்தில் ஒரே ஒரு முறை வந்து, செயற்கைக் கோப்பிலும் ஒரே ஒரு முறை வரும் சேர்க்கைகளை எண்ணி நீக்குங்கள். அவை தற்செயலாகவே பொருந்தியிருந்தாலும், தன் பதிவைக் கண்டதாக நினைக்கும் ஒருவர் கணக்கெடுப்பின் மேல் வைத்த நம்பிக்கையை இழந்துவிடுவார்.

பயன்பாட்டைச் சோதிக்க இரு கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எது மூலம், எது செயற்கை என்று லாஜிஸ்டிக் மாடலால் (ஒரு பதிவு செயற்கையானதாக இருக்கும் நிகழ்தகவைக் கணிக்கும் மாடல்) பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சம அளவு என்றால், கணித்த நிகழ்தகவுகள் 0.5ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டிரண்டு மாறிகளின் குறுக்கு அட்டவணைகளையும் ஒப்பிடுங்கள். ஒட்டுமொத்த எண் மறைக்கும் பிழை அங்கே தெரியும். எதிர்பார்த்ததை விட மிக நன்றாகப் பொருந்தினால் மகிழ வேண்டாம், மாடல் மூலத்தை நகலெடுத்திருக்கலாம்.

ஒரே மூலத்திலிருந்து பல செயற்கைப் பிரதிகள் வெளியிட்டால், அவற்றின் முடிவுகளைச் சேர்க்க, விடுபட்ட தரவுக்கான வழக்கமான சேர்ப்புச் சூத்திரத்தை இங்கே போடக்கூடாது. பிரதிகளுக்குள் உள்ள சராசரி மாறுபாடு வ, பிரதிகளுக்கிடையே உள்ள மாறுபாடு இ, பிரதிகளின் எண்ணிக்கை ம என்றால், சேர்த்த மதிப்பீட்டின் மாறுபாடு பகுதிச் செயற்கைக்கு வ + இ/ம. முழுச் செயற்கைக்கு (1 + 1/ம)இ − வ. இரண்டாவது சில நேரம் எதிர்மறையாகவே வந்துவிடும், பிரதிகள் குறைவாக இருந்தால் இன்னும் எளிதாக. பிரதிகளின் எண்ணிக்கையை உயர்த்தினால் கணக்கு நிலைப்படும், ஆனால் அந்தரங்கக் கசிவும் கூடும். எனக்கு 5 முதல் 10 வரை நியாயமாகப் படுகிறது.

கணித உத்தரவாதமே வேண்டுமென்றால், மாடலைப் பயிற்றும்போதே அளந்த இரைச்சலைக் கலக்கும் வேறுபாட்டு அந்தரங்க (differential privacy) முறைக்குப் போக வேண்டும். அதில் சிறுபான்மைக் குழுக்களின் எண்கள்தான் முதலில் சிதையும். இறுதி முடிவுகளுக்கு அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகம் தன் சிப் (SIPP, வருமானமும் அரசுத் திட்டப் பங்கேற்பும் பற்றிய கணக்கெடுப்பு) செயற்கைக் கோப்புக்குச் செய்த ஏற்பாடு சிறந்தது: ஆய்வாளர் செயற்கைத் தரவில் நிரலை எழுதி அனுப்புவார், பணியகம் அதை மூலத்தில் ஓட்டி, சரிபார்த்த முடிவை மட்டும் தரும். இன்னொன்று, கோப்பின் பெயரில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு வரிசையிலும் "செயற்கை" என்று காட்டும் ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். கோப்புகள் கைமாறும்போது பெயர்தான் முதலில் மாறும்.